சுந்தரதாஸ் பார்க்காத தண்ணீர்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னது சுந்தரதாஸ், பாறசாலைப் பள்ளிக்கூடக் காலம் தொட்டு என் கூட்டுக்காரன். அவன் மனைவி சுகிர்தபாய் இறந்து வருகிற சனிக்கிழமை ஒரு வருடம். வீட்டில் நினைவு ஜெபம் வைத்திருக்கிறான். அங்கே நான் வாசிக்க, அவளைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். பத்திரிகையில் நாலு கதை வந்துவிட்டால் இப்படியும் வேலை வரும்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"அண்ணைக்கு நான் ரேடியேட்டர்ல தண்ணி பாக்கல்ல. அதை எழுதணும், கேட்டியா. மறைக்காண்டாம்."

பத்து நாளாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "சுகிர்தபாய் சிரித்தால் உதியன்குளங்கரை முழுக்கக் கேட்கும்." (பொய். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பாள். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "முப்பது வருடப் பழைய ஜீப்பை நம்பி ஒரு நோயாளியை" (முடிக்கவில்லை. பழியை வண்டியின் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். அது சுந்தரதாஸின் வண்டி, அவனைப்போல் யாரும் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டதில்லை.)

சரி, வண்டியைப் பற்றியே சொல்கிறேன். தினமும் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பான். ரப்பர் குழாய்களை நசுக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பான். ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே மாட்டான், உள்ளே உப்புக் காறை பிடிக்கும். சூட்டைத் தணிக்கிற கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றுவான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கழுவுவான். காலை ஜெபம் தவறினாலும் இது தவறாது.

ஒரே ஒரு நாள் தவறியது. அன்று காலை ஆறு மணிக்குச் சுகிர்தபாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். யார் அப்போது தண்ணீர் பார்ப்பார்கள்? காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், முதல் ஏற்றத்திலேயே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்பக்கம் ஆவி கிளம்பியது, வண்டி நின்றது. ஆட்டோ கிடைக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுக்கு உயிர் இல்லை.

அதற்குப்பின் அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், நானாக்கும் அவளைக் கொன்னது என்கிறான்.

3

(இந்தப் பகுதியை ஏழு தடவை கிழித்தேன்.)

முந்தின நாள் அந்த வண்டி என்னிடம் இருந்தது. வாழைக்கன்று ஏற்றிவரக் களியக்காவிளைக்குக் கொண்டுபோயிருந்தேன். திரும்பும்போது ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார்: மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடையும், சின்னப் பாக்கெட் ஒன்று போதும். நான் மூன்று போட்டு, குறைந்த தண்ணீரையும் நிரப்பினேன். ஒழுக்கு நின்றது.*

* வழியில் மாட்டிக்கொண்டவர்கள் செய்கிற வேலைதான். ஆனால் வீடு சேர்ந்ததும் கழுவிவிட்டு, ஓட்டைக்கு ஈயம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் மெல்லிய குழாய்களுக்குள் கட்டிக்கொள்ளும். இதையும் அந்தக் கடைக்காரர் சொன்னார்.

சாயங்காலம் வண்டியை விடப் போனபோது சுந்தரதாஸ் சர்ச்சுக்குப் போயிருந்தான். சாவியைச் சுகிர்தபாய் வாங்கினாள்.

"வண்டிக்கு ஒண்ணும் கொழப்பம் இல்லியே?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மஞ்சள் போட்டது தெரிந்தால் இனி வண்டி தரமாட்டான். அவ்வளவுதான். கதைக்காக இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், மெக்கானிக் கனகதாஸ் ரேடியேட்டரைக் கழற்றினார். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். உள்ளே மஞ்சள் சேறு.

"ஆரு சாரே இதுல மஞ்சப்பொடி இட்டது?"

தெரியாது என்றேன். தண்ணீர் குறைவாக இருந்திருக்குமோ என்று கேட்டேன். தண்ணீர் எவ்வளவு இருந்து என்ன, குழாய் அடைத்தால் எப்படி ஓடும் என்றார். சுந்தரதாஸிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

(அன்று காலை அவன் மூடியைத் திறந்திருந்தால் மஞ்சள் கண்ணில் பட்டிருக்கும், ஆகவே அவன் பேரிலும் — இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு அருகதை இல்லை. ஆனால் ஒரு வருடமாக இதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.)

4

முடிவு அ: எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். (எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு வசதியாக இருக்கும் என்று வரவழைத்தேன்.)

முடிவு ஆ: சுந்தரதாஸ் முழுக்கக் கேட்டுவிட்டு என் கையைப் பிடிக்கிறான். (அவனுடைய மன்னிப்பை நானே எழுதிக்கொள்வதா? தூ.)

முடிவு இ: மூன்றாம் பகுதியை விட்டுவிட்டு வாசிப்பது. இதுதான் சுலபம். கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பக்கத்தில், வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் நிறைய. சுந்தரதாஸும் அப்படித்தான். ஒரே பள்ளிக்கூடத்தில் நான் தமிழ்ப் பிரிவு, அவன் மலையாளப் பிரிவு. தாளைக் கையில் கொடுத்தாலும் அவனுக்கு ஓரெழுத்து தெரியாது. ஜெபத்துக்கு வருகிற அவன் வீட்டாரும் அப்படித்தான்.

நேற்று என் வீட்டுக்கு வந்த சுந்தரதாஸ் மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டினான். சரியாக மூன்றாம் பகுதியில் விரலை வைத்தான்.

"இதிலயா நான் தண்ணி பாக்காத்தது இருக்கு?"

ஆமாம் என்றேன்.

அந்த வரிகளைக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அந்த இடம் வரும்போ நல்ல சத்தமா வாசிக்கணும்" என்றான்.

5

என்னால் முடிக்க முடியவில்லை. நேற்றுவரை இந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மாலை நாலு மணி. உதியன்குளங்கரையில் இறங்கி, ஓடாத ஜீப் நிற்கிற வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். இரண்டாம் பகுதியை வாசித்துவிட்டு நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன். அதற்குப்பிறகு "முந்தின நாள்" என்று தொடங்காவிட்டால், நீங்கள் எழுந்து நில்லுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், நின்றால் போதும்.