வெள்ளைச் சுவரில் ஒரு மஞ்சள்

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. ஒரு கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிர்ச் சுவர் இளமஞ்சள் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரமாக நின்றிருந்த பெண் வெளியே போனாள். சுவர் வெள்ளையாகிவிட்டது. மஞ்சள், அவள் போட்டிருந்த சுவெட்டரின் நிறம். அவள் போன பிறகுதான் அவள் அங்கே இருந்தது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்த தொடக்கம் இது: "ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. அது முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனது." அழகுகாட்டும் வாக்கியம். அடித்துவிட்டேன். அடுத்தது: "அக்கா இறந்த பிறகு அவன் அந்தப் படத்தை—"

வேண்டாம். இறப்பதற்கு முன் அவள் கொஞ்சம் பேசட்டும்.

2

அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுவதும் இருட்டுக் குழிக்குள் கயிறும் கிரீஸுமாக நின்றுவிட்டு வருபவன். வீட்டுக்கு வந்ததும் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னறைக்குப் போய் நிற்பான். அங்கே தரையிலிருந்து கூரைவரை பொம்மைக் கட்டை செட்டுகள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள். கோட்டை, ரயில் நிலையம், கலங்கரை விளக்கம், ஒரு தெரு. ஒன்றையும் அவன் கட்டியதில்லை. பெட்டியின் ஒட்டுநாடா பிரியாமல் இருக்க வேண்டும் என்பது சேகரிப்பவர்களின் சட்டம். பெட்டியைக் கையில் எடுத்து லேசாகக் குலுக்குவான். உள்ளே கட்டைகள் சலசலக்கும். அது போதும் அவனுக்கு.

அக்கா தையல்காரி. அவளுடைய ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், தனியாக இருக்க வேண்டாம் என்று தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் வாரமே, வேலை முடிந்து திரும்பியவன் கூடத்தின் நடுவே அவளைப் பார்த்தான். சுற்றிலும் கட்டைகள். மடியில் கத்தரிக்கோல்.

"என்னக்கா பண்ணிட்டே?"

"வெட்டினேன்."

"அதைப் பிரிக்கவே கூடாதுக்கா. பிரிச்சா அதுக்கு மதிப்பே இல்ல."

"பெட்டி மேல தெரு படம் போட்டிருக்கு. தெருவைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுற ஆளை இப்பதான்டா பார்க்கிறேன். உட்காரு, பூட்டு. இந்தக் கதவு எங்க வரும்னு சொல்லு."

அன்றிலிருந்து அவன் பெயர் பூட்டு.

(முதல் வரைவில் இவள் அவனுடைய மனைவியாக இருந்தாள். சரிப்படவில்லை. மனைவி என்றால் சண்டை போட்டுவிட்டுப் பிரித்திருப்பாள். பிரித்துவிட்டுச் சண்டைக்குக் காத்திருப்பது அக்காக்களின் வேலை.)

3

தெரு எழுந்தது. வெள்ளைச் சுவர் வைத்த வீடுகள், ஒரு விளக்குக் கம்பம், ஒரு பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் விரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மைப் பெண்ணை அக்கா நிற்க வைத்தாள். கையில் பை.

"இவ பஸ்ஸுக்கு நிக்கிறா. இவளை நடக்க வைக்க முடியுமாடா?"

முடியும். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். கையை எடுத்துவிட்டு ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்த வேண்டும். ஒரு நொடி நடப்பதற்குப் பன்னிரண்டு படம். ஸ்டாப் மோஷன் என்பது அவ்வளவுதான். அந்த அவ்வளவில் ஆயுள் போய்விடும். பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். ஊசி பிடித்த விரல்களால் அக்கா நகர்த்துவாள். அவன் காமிராவை அழுத்துவான். மாலை நேரங்கள் அப்படிப் போயின. அந்த அறையில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. நான் எழுத விரும்பியதும் அந்தப் பேசாமையைத்தான். ஆனால் பேசாமையை எழுதச் சொற்கள்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு சிக்கல் இருந்தது. பளபளப்பான பிளாஸ்டிக், பக்கத்தில் இருக்கும் எதன் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். அதனால் இந்த வேலை செய்பவர்கள் கறுப்புச் சட்டை போடுவார்கள். அக்கா ஒரு மஞ்சள் சுவெட்டரில் இருந்தாள்.

"கறுப்பு போட்டுக்கக்கா. மஞ்சள் சுவத்துல அடிக்குது."

"குளிருதுடா."

"ஃபேன்கூட போடல."

"அதான் சொல்றேன். ஃபேன் போடாமயே குளிருது."

அடம் என்று நினைத்தான். அவள் நோயின் பெயரை இங்கே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் நோயைப் பார்ப்பீர்கள், அவளைப் பார்க்கமாட்டீர்கள்.

ஆரம்பத்தில், ஒவ்வொரு படத்துக்கும் அக்கா எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வாள். சுவர் வெள்ளையாகவே விழும். சில மாதங்களில் எழுந்திருப்பதை விட்டுவிட்டாள். நாற்காலியை மட்டும் பின்னால் தள்ளினாள். பிறகு அதுவும் இல்லை. முதுகைச் சாய்த்துக்கொள்வதோடு சரி. படம் நகர நகர, பொம்மைத் தெருவின் சுவர்களில் மஞ்சள் ஏறிக்கொண்டே வந்தது. அவன் முதலில் கடிந்துகொண்டான். ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், காமிராவைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டு அவன்—

இதை என்னால் முடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் சுவெட்டரைப் பற்றிப் பேசவில்லை. அது போதும்.

கடைசிக் காட்சியில் பஸ் வர வேண்டும். பஸ் இன்னொரு பெட்டியில் இருந்தது.

"இப்பவே பிரிச்சிடவாக்கா?" முதல்முறையாக அவனே கேட்டான்.

"பாரேன், பூட்டு திறக்குது. இருடா, இவ இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்."

பஸ் வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

4

அவளுடைய புகைப்படங்கள் வீட்டில் இருக்கின்றன. அவன் அவற்றைப் பார்ப்பதில்லை. புகைப்படத்தில் அக்கா காமிராவுக்காக நின்றாள். சுவரில் அப்படியில்லை, சுவரில் அவள் வேலையாக இருந்தாள். படத்தை ஓடவிட்டால் பொம்மைப் பெண் நடப்பாள், அவளுக்குப் பின்னால் மஞ்சள் கூடிக் குறையும், கூடிக் குறையும். யாரோ மூச்சுவிடுவதுபோல. பிழை என்றால் பிழைதான். பழுது பார்ப்பவனுக்கு அது தெரியாதா? அதற்காகவே திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

5

இப்போது அக்காவின் மகள் வருகிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். விளம்பரப் படங்களுக்கு நிறம் சரிசெய்வது அவள் தொழில். காரியங்கள் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, "நான் சரி பண்ணி எடுத்துட்டு வரேன் மாமா" என்று படம் இருந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனாள். அவன் கொடுத்தான். பிரதி எடுத்து வைக்கவில்லை. [நம்ப முடியவில்லை என்பீர்கள். அவன் சேகரிப்பவன். ஒரு பொருள் இரண்டாக இருந்தால் இரண்டுமே அது இல்லை என்று நினைக்கிறவன்.]

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவள், பையைக்கூட இறக்காமல் கணினியைத் திறந்தாள்.

"பாருங்க மாமா."

பொம்மைப் பெண் நடந்தாள். சுவர் வெள்ளையாக இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பொட்டு அழுக்கில்லாத வெள்ளை.

"ஒவ்வொரு ஃபிரேமா உட்கார்ந்து எடுத்தேன். ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க. யாருக்கு இவ்ளோ பாடு, க்ளையன்ட் யாருன்னாங்க. எங்கம்மான்னு சொன்னேன்." அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "கடைசில ரொம்ப மஞ்சளா அடிச்சிருந்துது. அம்மா செஞ்சது சுத்தமா இருக்கணும்ல. என்ன லைட்டு மாமா அது?"

ஒரு வரைவில் வாலுவைக் கவனமில்லாதவளாக எழுதிப் பார்த்தேன், நீங்கள் கோபப்பட ஒரு ஆள் வேண்டுமே என்று. பொய்யாக இருந்தது. கவனமில்லாதவளாக இருந்திருந்தால் சுவரில் கொஞ்சமாவது மஞ்சள் மிஞ்சியிருக்கும். அவளுடைய அன்புதான் ஒன்றுவிடாமல் துடைத்துவிட்டது.

6

அவள் கேட்டுவிட்டாள். அவன் பதில் சொல்ல வேண்டும். நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவன் உண்மையைச் சொல்கிறான். "அது லைட்டு இல்லம்மா, உங்கம்மா" என்கிறான். சொன்ன அந்த நொடியிலிருந்து, தன் தாயைத் தன் கையாலேயே அழித்தவளாக அவள் வாழ வேண்டும். எழுதி, கிழித்தேன்.

அவன் பொய் சொல்கிறான். "பழைய டியூப்லைட்" என்கிறான். "அதான பார்த்தேன்" என்று அவள் சிரிக்கிறாள். இந்த முடிவோடு பல நாள் இருந்தேன். அடக்கமான முடிவு, இலக்கியமாகவும் இருந்தது. ஆனால் அவள் ஊருக்குப் போனபின் அந்தப் பின்னறையில், வெள்ளைச் சுவரின் முன்னால் அவன் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்து அவனை எழுப்ப எனக்கு வழி தெரியவில்லை.

மூன்றாவது: "பழசு வச்சிருக்கியா?" என்று கேட்கிறான். "இருக்கே" என்கிறாள். எல்லாம் சுபம்.

(பழைய ஃபிரேம்கள் இருக்கின்றனவா என்று எனக்கே தெரியாது. இருக்கக்கூடும். இடம் போதவில்லை என்று அழித்தும் இருக்கலாம். அவன் கேட்கவில்லை. கேட்காதவரை அவை எங்கோ இருக்கின்றன, பிரிக்காத பெட்டிக்குள் இருப்பதுபோல.)

7

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவன், "பஸ் சீன் பாக்கியிருக்கு" என்றான்.

"அதுக்குத்தான் மாமா வந்தேன். நான் நகர்த்துறேன், நீங்க எடுங்க." அவள் கைகளை விரித்துக் காட்டினாள். "பாருங்க, கறுப்புச் சட்டை. எல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

பஸ் பெட்டியை எடுத்து வந்து ஒட்டுநாடாவை அவனே வெட்டினான். இருவருமாகக் கட்டினார்கள். சிவப்பு பஸ், தெரு முனையில் நின்றது. பொம்மைப் பெண் பையோடு காத்திருந்தாள். வாலு, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் காமிராவைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தான்.

"குளிரும். இதைப் போட்டுக்க."

"ஃபேன்கூட போடலியே மாமா. அதுவும் இதா? மஞ்சள் சுவத்துல அடி—"

இந்தக் கதையில் பாதியில் நிற்கும் மற்ற வாக்கியங்கள் என்னுடையவை. எழுத முடியாமல் விட்டவை. இது மட்டும் அவளுடையது. அதை நான் முடிக்கப்போவதில்லை. அவள் முடிக்கட்டும், இல்லை நீங்கள்.

சுவெட்டர் அவள் கையில் இருக்கிறது. திரையில் அவள் வெள்ளையாக்கிய தெரு அப்படியே நிற்கிறது. அவள் ஒருமுறை திரையைப் பார்க்கிறாள், ஒருமுறை கையைப் பார்க்கிறாள். மேசைமேல் பொம்மைத் தெருவின் சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அவன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அவள் கொஞ்சம் கிட்டே குனிவதற்காகக் காத்திருக்கிறான்.