எல்லை தாண்டிய குழாய்

புக்கோவ்தோல் நகராட்சியில் திட்டப் பிரிவு என்றால் அது நெவேனா மட்டும்தான். ஐரோப்பிய நிதி எங்கே வருகிறது, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்து விண்ணப்பம் எழுதுவதும், கிடைத்தால் கணக்கு காட்டுவதும், கிடைக்காவிட்டால் மேயரிடம் திட்டு வாங்குவதும் எல்லாம் அவள் பாடு. அந்தப் பிப்ரவரியில் வந்த அறிவிப்பை அவள் நிதானமாகப் படித்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர், இரண்டும் சேர்ந்து செய்யும் வேலைக்குப் பணம். ஆனால் புதிதாகக் கை கோக்கிறவர்களுக்குக் கிடையாது. முன்பே சேர்ந்து ஒரு திட்டத்தை முடித்திருக்க வேண்டும். அதன் பலன் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். புது வேலை அதன் மேல் எழும்ப வேண்டும்.

மேயர் கிரிலோவ் சைக்கிள் பாதை கனவில் இருந்தார். பக்கத்து நகராட்சிக்காரர்கள் போட்டிருந்தார்கள். அது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

"நாம முன்னாடி யாரோட சேர்ந்து செஞ்சோம்?" என்று கேட்டார்.

"மக்கெதோனியாப் பக்கம், ஸ்துதேனா ஊரு. காட்டுத்தீ அணைக்கிற தொண்டர் படை."

"அப்ப பார்ட்னர்..."

"ஸ்லாவ்சோ."

மேயர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த ஆளா? அவன் என்னைப் பார்த்தா பல்லால கடிச்சிருவான்."

ஸ்லாவ்சோ, ஸ்துதேனா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அந்த ஊரின் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தலைவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒசொகோவோ மலையில் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். வயர்லெஸ் கருவிகள் வாங்கினார்கள். வண்டியில் இழுத்துப் போகிற தண்ணீர் பம்பு ஒன்றும் வாங்கினார்கள். கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இரண்டு அரசுகளும் பிடிவாதம் பிடித்தன. இரண்டு ஊர்க்காரர்களும் சந்தையில் பேரம் பேசும்போது தேவைப்படாத மொழிபெயர்ப்பு அது. மேயர் ஒரு ஜோக் அடித்தால், மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கம் சிரித்து முடித்திருக்கும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, கடைசிக் கூட்டம் வரை. பம்பு யாருக்கு என்ற பேச்சு வந்தது. தலைமைப் பங்காளி ஊருக்கே, அதாவது புக்கோவ்தோலுக்கே, சொந்தம் என்று விதி இருந்தது. நெவேனாதான் அந்த விதியை எழுந்து நின்று வாசித்தாள்.

"கல்யாண வேலையெல்லாம் ரெண்டு வீடும் பார்க்கணும், சீர் மட்டும் உங்க வீட்டுக்கா?" என்று ஸ்லாவ்சோ கத்திவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. நெவேனா இறுதி அறிக்கையில் எல்லா இலக்கும் எட்டப்பட்டதாக எழுதினாள். எழுதும்போதே அந்தத் திட்டம் செத்துப்போனது அவளுக்குத் தெரியும்.

இப்போது அதே கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டு நிறைய பானிட்சா என்ற அடுக்கு ரொட்டியைச் சுட்டு, துணி போட்டு மூடி, காரில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சோதனைச்சாவடியில் காவலர், "உள்ள பாலாடைக்கட்டியா?" என்று ஆசையாகக் கேட்டதற்கு ஒரு துண்டு போனது.

ஸ்லாவ்சோ வாசலிலேயே நின்றார். தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே மைதானத்துக் குரல்.

"என்ன, பம்பு ரிப்பேரா? நாங்க வந்து தள்ளிவிடணுமா?"

"உள்ள விடுங்க, சொல்றேன்."

"மொழிபெயர்ப்பாளர் எங்க? அவர் இல்லாம நீ பேசுறது எனக்கு எப்படிப் புரியும்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி திராயாங்கா கரண்டியோடு வந்தாள். "குளிர்ல நிக்க வச்சு லந்து பண்ணாதய்யா. நீ வாம்மா. இவரு கெடக்காரு."

அடுப்படி மேசையில் மண்சட்டியில் சுட்ட அவரையும் வறுத்த மிளகாயும் வந்தன. ஸ்லாவ்சோ ஒரு சிறு கிளாஸ் ரக்கியாவை அவள் பக்கம் நகர்த்தினார். வண்டி ஓட்டுகிறாள் என்று ஞாபகம் வந்ததும் தானே குடித்துவிட்டார். நெவேனா அறிவிப்பைப் பற்றிச் சொன்னாள். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"பழைய பலன் உயிரோட இருக்கணுமா? நல்ல கதையா இருக்கே. பம்பு உங்க கொட்டகையில. பசங்க பாதிப் பேர் ஜெர்மனியில. எங்கம்மா இருக்கு பலன்? அந்தக் கையேடு அச்சடிச்சீங்களே, அதை வச்சு நான் அடுப்பு பத்த வைக்கிறேன். தீயணைக்கிற கையேடு. நல்லாவே எரியுது."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நெவேனா மிளகாய்க் காம்பைக் கிள்ளித் தட்டோரம் வைத்தாள்.

அப்போது ஊர்க் கோயில் மணி மதியத்துக்கு அடித்தது. ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்து ஒரு கரகரப்பு.

"மலை, மலை, பள்ளத்தாக்கு கூப்பிடுறேன். அடியே, இருக்கியா?"

நெவேனா சட்டென்று நிமிர்ந்தாள். தெரிந்த குரல். அவள் ஊர் மருந்துக் கடைக்காரி ஸோர்க்காவின் குரல். ஒற்றைத் தலைவலி மாத்திரையை வாரா வாரம் அவளிடம்தான் வாங்குகிறாள். அந்தத் தொண்டர் படையில் வயர்லெஸ் பேசும் பயிற்சி எடுத்தவர்களில் ஸோர்க்கா ஒருத்தி. எதிர்ப்பக்கத்தில் அந்தப் பயிற்சி எடுத்தவள் திராயாங்கா.

திராயாங்கா முகம் சிவந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தாள். "இருக்கேன்டி. விருந்தாளி இருக்காங்க."

"யாரு? உன் புருஷன் வாயை மூடிட்டு இருக்கானா?"

"கேட்டுட்டுத்தான் இருக்காரு."

"அங்க காத்து எப்படி? இங்க புல்லு காஞ்சு கெடக்கு. பனியே இல்ல இந்த வருஷம்."

"இங்கயும் அப்படித்தான். கெழக்குச் சரிவுல யாரோ நேத்து குப்பை கொளுத்துனாங்க, போய் சத்தம் போட்டு அணைக்கச் சொன்னேன்."

ஸ்லாவ்சோ கூரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: "அவங்க பக்கம் பள்ளத்து ஓடையில தண்ணி ஓடுதான்னு கேளு."

"நீங்களும் இதுல இருக்கீங்களா?" என்றாள் நெவேனா.

"நான் எதுலயும் இல்ல. எங்க வீட்டு அடுப்படியில ஒக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

திட்டம் முடிந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லையாம். முதலில் கருவி கெட்டுப்போகாமல் இருக்க ஆரம்பித்தார்கள். பிறகு மிளகாய் விலை, மகனுக்குப் பெண் பார்ப்பது, முழங்கால் வலி என்று பேச்சு நீண்டது. ஆனால் முதல் பேச்சு எப்போதும் காற்றும் புல்லும்தான். போன கோடையில் ஒரு தடவை புகையைப் பார்த்துச் சொல்லி, ஆட்டுப்பட்டி ஒன்று தப்பியிருக்கிறது. நெவேனா எழுதிப் புதைத்த திட்டம் இந்த அடுப்படியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"இதைத்தான் எழுதணும்," என்றாள் அவள்.

ஸ்லாவ்சோ நாற்காலியை இழுத்துப் போட்டார். "எழுது, எழுது. அலைவரிசை அனுமதி திட்டத்தோடவே காலாவதி ஆயிருச்சு. எழுதுனா இவளுக்கு அபராதம், அவளுக்கு அபராதம்."

"மறைச்சு எழுதுனா பலன் இல்லைன்னு ஆயிரும்."

"எழுதட்டும்," என்றாள் திராயாங்கா. "திருட்டுத்தனமா பேசிப் பேசி அலுத்துப் போச்சு எனக்கு."

நெவேனா எழுதினாள். இரண்டு பெண்கள், ஒவ்வொரு வாரமும், அனுமதி இல்லாமல். புதுத் திட்டத்தில் முதல் வேலை அந்த அனுமதியை வாங்குவது. அடுத்தது, தீ வந்தால் தொண்டர்கள் எல்லையைத் தாண்ட இரண்டு நாட்டுக் காவல்துறையோடும் ஓர் ஒப்பந்தம். அப்புறம் ஸ்துதேனாவுக்கு ஒரு பம்பு.

மேயர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஊர்ல சட்டவிரோதமா வயர்லெஸ் பேசுறாங்கன்னு என் கையெழுத்துல எழுதிக் கொடுக்கணுமா? உனக்கு என்னாச்சு நெவேனா? அந்தப் பத்தியைத் தூக்கிரு. 'நட்புறவு தொடர்கிறது'ன்னு ஒரு வரி போடு. சைக்கிள் பாதையைச் சேர்த்துக்கோ."

"நட்புறவு தொடர்கிறதுன்னுதான் எல்லாரும் எழுதுவாங்க, மேயரே."

"எல்லாரும் எழுதட்டும். யாரும் ஜெயிலுக்குப் போகல இல்ல?"

தாள்கள் கையெழுத்தாகாமல் அவர் மேசையிலேயே கிடந்தன.

மார்ச்சில் ஒரு மத்தியானம். ஸோர்க்கா வெள்ளைக் கோட்டோடு, கடையைத் திறந்து போட்டது போட்டபடி, நகராட்சிக்கு ஓடி வந்தாள். கையில் வயர்லெஸ். "புகை! மேல் சரிவுல! நம்ம பக்கம்தான், ஆனா நமக்குத் தெரியாது, மேடு மறைக்குது. திராயாங்கா பார்த்துட்டா."

மாவட்டத் தலைநகரிலிருந்து தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கூப்பிட்ட குரலுக்கு வந்த தொண்டர்கள் பம்பை ஜீப்பில் மாட்டினார்கள். நெவேனாவும், கருவியோடு ஸோர்க்காவும் பின்னால் ஏறினார்கள். யாரும் எதிர்பார்க்காமல் மேயரும், அலுவலகச் செருப்போடு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

காய்ந்த புல்லில் தீ ஓடுகிற வேகத்தைப் படத்தில் பார்ப்பது வேறு. மேட்டில் ஏறியதும் வெப்பம் முகத்தில் அறைந்தது. புகையில் எதுவும் புலப்படவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தொண்டர்கள் தடுமாறினார்கள். ஸோர்க்காவின் கருவிதான் பேசியது.

"இடது பக்கம் போகாதீங்க, அங்க காத்து திரும்புது! வலது பக்கமா வாங்க, பாறைக்குக் கீழ. இன்னும் கீழ. ஆங், அங்கதான்!"

எதிர்மேட்டில் நின்று திராயாங்கா தீயின் முதுகையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன இடத்தில் தண்ணீர் விழுந்தது. ஒரு பக்கம் அடங்கியது. ஆனால் தீயின் ஒரு நாக்கு எல்லைக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பைன் மரங்களை நோக்கிப் போனது. அங்கே ஸ்லாவ்சோவும் அவர் ஆட்களும் மட்டைகளால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் அடித்தால் அணைகிற தீ இல்லை அது.

கல்லுக்குப் பக்கத்தில் எல்லைக் காவலர் ஒருவர் வியர்த்துப்போய் நின்றார். "யாரும் தாண்டக்கூடாது. மேலிடத்துல கேட்டிருக்கேன், பதில் வரல. என் வேலையைப் பறிச்சிராதீங்க."

மேயர் காவலரைப் பார்த்தார். தீயைப் பார்த்தார். பிறகு கையை வாயருகே குவித்துக் கத்தினார்: "ஸ்லாவ்சோ! ஆள் வரக்கூடாதாம். குழாய் வரலாமா?"

"குழாய்க்கு என்ன பாஸ்போர்ட்டா கேக்கப் போறான்? வீசுய்யா!"

மேயரே குழாயின் தலையைத் தூக்கிக் கல்லுக்கு மேலே வீசினார். அந்தப் பக்கம் ஸ்லாவ்சோ பிடித்தார். இந்தப் பக்கம் நெவேனாவும் மற்றவர்களும் சுருளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். காவலர் கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்தார். பிறகு குழாய் முள்செடியில் சிக்கியபோது அவரே குனிந்து எடுத்துவிட்டார். பைன் மரங்களின் ஓரத்தில் தண்ணீர் பாய்ந்ததும் வெண்மையாக ஆவி கிளம்பியது. மாவட்ட வண்டி வந்து சேர்ந்தபோது கரியும் ஈரமும்தான் மிச்சம்.

ஸ்லாவ்சோ கல்லின் மறுபக்கம் வந்து நின்றார். முகமெல்லாம் சாம்பல். "பம்பு நல்லாத்தான் இருக்கு. நல்லா வச்சிருக்கீங்க," என்றார்.

"உங்களுக்கும் ஒண்ணு கேட்டு எழுதியிருக்கு," என்றார் மேயர். "நான்தான் இன்னும் கையெழுத்துப் போடல."

"ஏன், பேனா இல்லையா?"

மறுநாள் காலை கையெழுத்து ஆனது. ஒரு வார்த்தையும் வெட்டப்படவில்லை. சைக்கிள் பாதையைப் பற்றி மேயர் பேசவே இல்லை.

உண்மையை எழுதியதற்கு விலை இல்லாமல் இல்லை. விண்ணப்பம் போன கொஞ்ச நாளில் தகவல்தொடர்பு அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அபராதம் இல்லை, ஆனால் அனுமதி கிடைக்கும் வரை யாரும் அந்தக் கருவியைத் தொடக்கூடாது. ஆறு வருஷமாக ஒரு ஞாயிறும் தவறாத பேச்சு நின்றுபோனது. போனில் பேசலாமே என்றால், மலைச் சரிவில் இருக்கிற திராயாங்கா வீட்டில் சிக்னல் வருவதும் போவதும் தெய்வச் செயல். ஸோர்க்கா அந்த வசந்தம் முழுக்க நெவேனாவுக்கு மாத்திரையை வாய் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறையை மேசையில் ஓசை எழ வைத்தாள். எப்போதும் சொல்லும் "உடம்பைப் பார்த்துக்கோ" இல்லை. நெவேனா வெளியே வந்து காரில் உட்கார்ந்து, தான் செய்தது சரிதானா என்று பல தடவை யோசித்தாள்.

ஜூனில் நிதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "விண்ணப்பத்துல இல்லாத ஒரு கேள்வி. அவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறாங்களா?" என்றாள்.

"இல்லைங்க. அனுமதி இல்லைன்னு நிறுத்திட்டாங்க."

"அய்யோ," என்றாள் அந்தப் பெண். அதிகாரி மாதிரி இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

நிதி வந்தது. கேட்டதில் ஒரு பகுதியை வெட்டியிருந்தார்கள். கண்காட்சியும் கையேடும் போய்விட்டன. கையேடு போனதற்கு யாரும் அழவில்லை. பம்பு தப்பியது, ஒப்பந்தத்துக்கான வேலை தப்பியது, அலைவரிசை அனுமதி ஆகஸ்டில் கைக்கு வந்தது. நெவேனா அதை எடுத்துக்கொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போனாள். ஸோர்க்கா வாசலில் 'உடனே வருகிறேன்' பலகையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, அலமாரிக்குப் பின்னால் போய்க் கருவியை எடுத்தாள். முதல் அழைப்புக்கே பதில் வந்தது. திராயாங்கா, "காத்து எப்படிடீ அங்க?" என்று கேட்டாள். ஸோர்க்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெவேனா பக்கம் திரும்பி, "நீ இன்னும் ஏன் நிக்கிற? தலைவலி குறைஞ்சுதா இல்லையா?" என்று அதட்டினாள்.

அக்டோபரில் முதல் கூட்டுப் பயிற்சி. புது ஒப்பந்தப்படி எல்லைக் காவலர்கள் காட்டுப்பாதைத் தடுப்பைத் திறந்து, பெயர்களைச் சரிபார்த்து, ஆட்களை அந்தப் பக்கம் விட்டார்கள். நெவேனாவும் நடந்தே தாண்டினாள். புது பம்பு புல்வெளியில் சிவப்பாக நின்றது. ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்த இரண்டு பேரும் வரிசையில் இருந்தார்கள். மேயர் இந்த முறை பூட்ஸ் போட்டிருந்தார். குழாயைச் சுருட்டும் போட்டியில் அவர்தான் கடைசி. பாதியில் தடுக்கி உட்கார்ந்தும்விட்டார்.

ஸ்லாவ்சோ விசிலை ஊதினார். "மேயரே, எங்க ஊர் ஆறாம் வகுப்புப் பொண்ணுங்க இதை விட வேகமா சுருட்டுவாங்க. மறுபடியும்!"

"மூச்சு வாங்க விடுய்யா."

"தீ விடுமா? மறுபடியும்!"

மேயர் முனகிக்கொண்டே எழுந்தார். நெவேனா ஓடிப்போய்க் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.