சின்னபொண்ணு தின்ற அரிசி

முப்பத்தெட்டு வருஷமாகியும் சின்னபொண்ணுவை அந்தப் பழி விடவில்லை. திண்டிவனத்தில் நடந்த அவள் கல்யாணத்தன்று பந்தலே பிய்ந்துபோகிற மாதிரி மழை கொட்டியதற்கு, சின்ன வயதில் அவள் பச்சரிசி தின்றதுதான் காரணமாம். புருஷன் தேவநாதன் பார்ப்பவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

மழை பற்றி ஆராய்ச்சி செய்யும் மகள் கலைமதி ஒருநாள் குகைக்கல் துண்டொன்றைக் கொண்டுவந்தாள். சொட்டும் நீரில் வருஷத்துக்கொரு வரியாக வளர்ந்த கல். மழை குறைந்த வருஷத்தில் வரி மெலியுமாம்.

"எங்க கல்யாண வருஷத்தக் காட்டுடி."

கலைமதி நூல் போன்ற ஒரு வரியைத் தொட்டாள். "கடும் வறட்சிம்மா."

சின்னபொண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டுக்கினீங்களா? மழையே இல்லாத வருஷமாம்! நான் எங்க அரிசி தின்னேன்?"

தேவநாதன் கல்லைப் புரட்டிப் பார்த்தார். "அந்த வறட்சியிலயும் அன்னிக்கு அப்படிக் கொட்டுச்சுன்னா, நீ தின்னது ஒரு பிடி இல்லடி, ஒரு மூட்டை!"