வாய் திறக்காத ஒரு மணி நேரம்

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவளுக்குக் குரல்தான் பிழைப்பு. அவளுடைய இரைப்பையில் இருந்த லிம்போமா என்ற புற்று சிகிச்சையில் கரைந்துவிட்டது. ஆனால் போன பெட் ஸ்கேனில் குரல்வளையில் புதிதாக ஒரு வெளிச்சம்.

"நோயாவும் இருக்கலாம்," என்றார் டாக்டர். "ஊசியில போற சர்க்கரை மருந்தைப் புற்றும் இழுக்கும், வேலை செய்யிற தசையும் இழுக்கும். ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?"

அவள் வாய் திறக்குமுன் கணவன் சொன்னான்: "எப்ப நிறுத்தினா?"

"இன்னொரு தடவை எடுப்போம். மறுபடி தெரிஞ்சா தொண்டையில சதை கிள்ளிப் பார்க்கணும். குரல் பழையபடி இருக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

இன்று ஊசி போட்ட நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாள். "ஒரு மணி நேரம், அக்கா. முனகக்கூடக் கூடாது."

தலையாட்டினாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் கிளம்பியது. "என்னையும் பேசாதேங்கிறாங்க. முழங்கால் எலும்புல இருக்கிற கட்டிக்கு வாய் என்ன பண்ணுச்சு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பதில் சொல்ல மாட்டியாம்மா? சரி, கேளு. நான் தக்காளி போடுறவன். சந்தையில ஏலம் விட ஒருத்தி இருந்தா. வாயா அது? என் நல்ல பழத்தை அழுகல்னு சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டா."

அந்தக் கூடை அவளுக்கு நினைவிருந்தது. மேலே பளபள, அடியில் கூழ். பேச்சு தொண்டை வரை வந்து முட்டியது. பல்லைக் கடித்தால் ஸ்கேனில் தாடை ஒளிரும். தாடையைத் தளர்த்தினாள். நாக்கை அப்படியே கிடக்க விட்டாள்.

"இப்ப புதுசா ஒருத்தன். அவன் கத்தினா ஈகூட எழும்பாது. எல்லாரும் அவளைத்தான் தேடுறாங்க. அவ செத்துப்போயிட்டதாவும் ஒரு பேச்சு இருக்கு."

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். மெதுவாக வெளியே விட்டாள். காற்று மட்டும் போனது.

மாலையில் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மூளையும் மூத்திரப்பையும் வெளிச்சமாய் எரிந்தன. அவை எல்லாருக்கும் எரியும். இரைப்பை இருட்டு. தொண்டை இருட்டு.

"சுத்தமா இருக்கு. பேசலாம்."

வாசலில் நின்ற கணவனுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். அவன் முகம் மலர்ந்தது. அவள் நிற்கவில்லை. நடைவழி பெஞ்சில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார் தக்காளிக்காரர். முன்னால் போய் நின்றாள்.

"அடியில கூழ், அண்ணே. பத்துப் பேர் முன்னாடி கவுத்துக் காட்டினேன்."

குரல் பிடிபட்டதும் அவர் எழப் பார்த்தார். கால் இடம் தரவில்லை.

"செத்துட்டேன்னு எவன் சொன்னான்?"

அவர் நீட்டிய காலைத் தடவினார்.

"முழங்காலுக்கு என்ன சொன்னாங்க?"

"இன்னும் கூப்பிடலை." டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூப்பிடட்டும். அதுவரைக்கும் அந்தக் கூடையைப் பேசித் தீர்ப்போம். ஆரம்பிங்க."