மெர்ல் ஸ்டாஃபர் செய்த பம்ப் துப்பாக்கி

மெர்ல் ஸ்டாஃபரின் துப்பாக்கியைப் புகழ்ந்தவர்கள் வேறு, வாங்கியவர்கள் வேறு. புகழ்ந்தவர்களைப் பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும். அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. மெர்லுக்குத்தான் இருந்தது.

பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன். இங்கே மான் வேட்டைக்குத் தானாகவே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி கூடாது. அதனால் முன்கட்டையை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பம்ப் துப்பாக்கி என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். அதைச் செய்துவந்த கம்பெனி நிறுத்தியபோது என் கடையில் நின்று ஒப்பாரி வைத்தவர்களில் முதல் ஆள் டுவேன் ஹக்.

"நம்ம நாட்டுல எவனாவது அத மறுபடி செஞ்சா ரெண்டு வாங்குவேன் ரொவீனா. கண்ண மூடிக்கிட்டு வாங்குவேன்" என்பான். டுவேன் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஒரே காரியம் தேவாலயத்தில் தூங்குவது.

மெர்ல் அதை நம்பினான். அவன் லேத் பட்டறைக்காரன், இடக்கைக்காரன். மற்றத் துப்பாக்கிகளில் சுட்டு முடித்த தோட்டாக் கூடு அவன் மூக்குக்கு முன்னால் பறக்கும். அவன் செய்ததில் ஒரு சின்ன இரும்புத் துண்டைத் திருப்பிப் போட்டால், எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் விழும். மூன்று வருட உழைப்பு. சொல்ல வேண்டும், அழகான துப்பாக்கி. விலை இரண்டாயிரத்து நூறு டாலர்.

"கட்டைய பிளாஸ்டிக்ல போடு. விலை கொஞ்சம் இறங்கும்" என்றேன்.

"பிளாஸ்டிக் மேலயா என் பேர வெட்டச் சொல்ற?"

இந்தப் பவிசுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வேட்டைச் சங்கத்து மைதானத்தில் எல்லோரும் சுட்டுப் பார்க்கட்டும் என்று கூப்பிட்டான். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அவன் தோட்டாவைச் சுட்டார்கள், அவன் வாங்கி வைத்த சாசேஜைத் தின்றார்கள், அவன் முதுகில் தட்டினார்கள். வேண்டியவர்கள் பெயர் எழுதினால் போதும், முன்பணம் வேண்டாம் என்று ஒரு தாள் வைத்திருந்தான். மாலையில் பார்த்தால் ஏழு பெயர். அதில் ஒன்று சாண்டா கிளாஸ்.

டுவேன் வாயில் சாசேஜோடு வந்தான். "அருமை மெர்ல். வெண்ணெய் மாதிரி ஓடுது. ஆனா இந்த விலைக்குத் துருக்கியில செஞ்சது மூணு வாங்கலாமே, குறி பாக்குற ஸ்கோப்போட."

"ரெண்டு வாங்குறேன்னியே, என்னாச்சு?" என்றேன்.

"நம்ம நாட்டுச் சரக்குன்னுதான சொன்னேன். இந்த விலைக்குன்னு சொன்னேனா?"

"உன் நாட்டுப்பற்று எத்தன டாலர் வரைக்கும் தாங்கும்னு சொல்லுய்யா. கடையில எழுதி மாட்டிடறேன்."

டுவேன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அறுநூறு" என்றான்.

மெர்ல் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

எழுதிக் கொடுத்த ஆறு பேருக்கும் செய்து கொடுத்தான். ஒருவன்கூட என் கடையில் நின்று பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவனில்லை. ஒருத்தி பக்கத்து மாவட்டத்து மாட்டு வைத்தியர், இடக்கைக்காரி; வந்தாள், சுட்டாள், எழுதினாள், போய்விட்டாள். பிறகு மெர்ல் துப்பாக்கிக்கென்று செய்த அச்சுகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பால்பண்ணைக் கதவுகளுக்குக் கொக்கி செய்ய ஆரம்பித்தான். கொக்கி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. அதை யாரும் அருமை என்று சொல்வதில்லை.

நவம்பரில் கடைக்கு வந்தான். "நாப்பத்தொரு பேர்கிட்ட எப்படி இருக்குன்னு கேட்டேன். வாங்குவியான்னு ஒருத்தன்கிட்டயும் கேக்கல, ரொவீனா."

"கேட்டிருந்தா வாங்குவேன்னுதான் சொல்லியிருப்பானுங்க."

சிரித்தான். அந்த நேரம் பார்த்து டுவேன் உள்ளே வந்தான். காலையில் துருக்கித் துப்பாக்கியால் பெரிய ஆண் மானை அடித்திருந்தான். போனில் படத்தை எல்லோர் மூக்குக்கு முன்னாலும் நீட்டினான், மெர்ல் மூக்குக்கும்தான்.

மெர்ல் நிதானமாகப் பார்த்தான். "நல்ல மான்" என்றான். தான் செய்த துப்பாக்கிக்கு ஒரு பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டு மலைக்கு வேட்டைக்குப் போனான்.