விரல் எடுத்த இடம்

ஷட்டர் பொத்தானை நம்புகிறவன் பாதிப் புகைப்படக்காரன் என்பது அவள் கட்சி. யாராவது கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். சாதாரணக் கேமராவில் ஆள்காட்டி விரல்தான் எல்லா வேலையும் பார்க்கும். லேசாக அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். அவள் அந்த விரலிடமிருந்து பாதி வேலையைப் பிடுங்கி, கேமராவின் பின்பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பொத்தானுக்கு மாற்றி, கட்டைவிரலிடம் ஒப்படைத்திருந்தாள். கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸ் ஓடுகிறவனைத் துரத்திக்கொண்டே போகும். விரலை எடுத்தால் எடுத்த இடத்திலேயே நின்றுவிடும். நடுவர் குறுக்கே வந்தாலும் கொடி பறந்து மறைத்தாலும் விரலைத் தூக்கிக் காத்திருந்து, ஆள் மறுபடி தெரிந்ததும் வைத்தால் போதும். மற்றவர்கள் நடுவரின் முதுகைப் பளிச்சென்று எடுத்துக்கொண்டு அலுவலகம் வருவார்கள். அவள் ஒருநாளும் அப்படி ஏமாந்ததில்லை.

பத்திரிகையில் அவளுக்குப் பெயரே கட்டைவிரல்தான். ஒருமுறை புதிதாக வந்த நிருபர் அவளைக் கேட்காமல் அவள் கேமராவை எடுத்துப்போய், ஒரு பரிசளிப்பு விழா முழுவதையும் சுட்டுத்தள்ளிவிட்டு வந்தார். அந்தப் பின்பொத்தான் சங்கதி அவருக்குத் தெரியாது. ஒரு படத்திலும் ஒருவருக்கும் மூக்கு இல்லை. விளையாட்டுப் பக்க ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “கேமராவுக்கு ஆள் தெரியும் சார்.”

அவள் கட்டைவிரலுக்கும் ஆள் தெரியும். சைக்கிள் பந்தயம் என்றால் அது தானாகத் தம்பியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தம்பி ஊரறிந்த சைக்கிள் வீரன். ஆரஞ்சு நிறச் சட்டை, குனிந்த தலை, கடைசி நூறு மீட்டரில் யாராலும் தொட முடியாத வேகம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு அவனுக்குச் சோறு போட்டு, திட்டி, பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள் அவள்தான். அவனை எடுத்த படங்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருக்கும். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் அவனுக்குப் பின்னால் இன்னொருவனும் இருப்பான். நெட்டை என்று கூப்பிடுவார்கள். தம்பிக்குச் சரியான போட்டி, எப்போதும் அரைச் சக்கரம் பின்னால். ஃபோகஸ் தம்பியின் மேல் இருக்கும்போது பின்னால் வருகிறவன் கலங்கித்தானே தெரிவான். இத்தனை வருடமாக நெட்டை அவள் படங்களில் ஒரு நிழலாகத்தான் வந்துபோனான். முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் அவளால் சட்டென்று சொல்லியிருக்க முடியாது.

அன்றைக்கு அவள் முடிவுக்கோட்டுக்கு அப்பால், வீரர்களுக்கு நேர் எதிரே, குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் வளைவில் திரும்பியது. கட்டைவிரல் தம்பியைப் பிடித்துக்கொண்டது, ஆள்காட்டி விரல் படபடவென்று சுட ஆரம்பித்தது. இந்தமுறை நெட்டை தம்பியின் இடது பக்கமாக வந்து அரைச் சக்கரத்தைக் கால் சக்கரமாகக் குறைத்திருந்தான். அடுத்த மூச்சில் முந்திவிடுவான்.

அப்போது தம்பியின் இடது தோள் லேசாக ஏறியது.

அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் சண்டைபோடும்போது அவன் அடிப்பதற்கு முன்னால் அந்தத் தோள்தான் முதலில் எழும்பும். அதைப் பார்த்துப் பார்த்தே அவள் எத்தனையோ அடிக்குத் தப்பியிருக்கிறாள். இப்போதும் உடம்பு பழக்கத்தில் பின்வாங்கியது. கட்டைவிரல் பொத்தானைவிட்டு எழுந்துவிட்டது. ஆள்காட்டி விரலுக்கு அந்தப் புத்தி இல்லை, அது சுட்டுக்கொண்டே இருந்தது.

தம்பியின் முழங்கை பக்கவாட்டில் போனது. நெட்டை சாய்ந்தான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் ஒவ்வொருவராக ஏறி விழுந்தார்கள். தம்பி முடிவுக்கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கினான், திரும்பிப் பார்த்துவிட்டு இறக்கினான். நெட்டை தலை தடுப்புக் கம்பியில் மோதிக் கிடந்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சாயங்காலம் செய்தி வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் படங்களைப் போட்டுப் பார்த்தாள். தோள் ஏறும்வரை தம்பி கண்ணாடிபோலத் தெளிவு. அதற்குப் பிறகு கலங்கிக்கொண்டே போனான். அவன் முன்னால் போய்விட்டான், ஃபோகஸ் விரல் எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்து வந்து சேர்ந்தவன் நெட்டை.

வாழ்நாளில் முதல்தடவையாக அவனை அவள் தெளிவாகப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி கழன்று காற்றில் இருந்தது. மேலுதட்டில் வேர்வை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில். முன்சக்கரம் அவனுடைய பாதையைக் காட்டும் வெள்ளைக்கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அவன் யார் பாதையிலும் வரவில்லை. படத்தின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கலங்கலாக ஒரு கை, முழங்கை அவன் தோளில் பதிந்திருந்தது. அவன் பயந்த மாதிரிகூட இல்லை. ‘என்னடா?’ என்று கேட்கிற முகம்.

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

தம்பி வந்தபோது சாப்பாடு எடுத்துவைத்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாம் எடுத்தியாக்கா?”

“எடுத்தேன்.”

“தெரியுதா?”

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

“கை தானா போயிடுச்சுக்கா. நான் யோசிக்கவே இல்ல.”

“தெரியும். உன் தோள் ஏறுனதப் பாத்தேன்.”

“வேற யாரும் பாக்கல. வீடியோல என் வலது பக்கம் மட்டுந்தான் விழுந்திருக்கு. அவன் தானா தடுமாறி என் மேல சாஞ்சான்னுதான் நான் சொல்லியிருக்கேன்.” தட்டை நகர்த்தினான். “நீ ஃபோகஸ் போயிடுச்சுன்னு சொல்லிடு. நம்புவாங்க.”

“அவன் செத்துட்டான்டா.”

“நான் உண்மையச் சொன்னா எந்திரிச்சு வந்துடுவானா? என்னையும் கொண்டுபோய் உள்ள வெப்பாங்க. அவ்ளோதான் நடக்கும். உனக்கு அது வேணும்னா குடு.”

அவன் அழுதான். பொய்யழுகை இல்லை. அதுதான் அவளைக் கவிழ்த்தது.

சைக்கிள் சங்கம் வைத்த விசாரணைக் குழு மூன்று பேர். ஒரு நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மூவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. தோள் ஏறுவதற்கு முந்தைய படங்களையும் எல்லோரும் விழுந்து கிடந்த படங்களையும் கொடுத்தாள்.

“நடுவுல ஒண்ணுமே இல்லையே,” என்றார் தலைவர்.

“விரல் எடுத்துட்டேன் சார். எல்லாம் கலங்கிடுச்சு. கலங்குனத நாங்க வெச்சுக்கறதில்ல, அழிச்சிடுவோம்.”

“உங்களுக்குக்கூட விரல் வழுக்குமாம்மா?” என்று அவர் சிரித்தார். அவள் பெயர் அங்கேயும் போயிருந்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கே பிறகு காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

பூசி மெழுகிய தீர்ப்பு வந்தது. நெட்டை சமநிலை தவறித் தானாக விழுந்தார், மற்றவர்களின் காயத்துக்கும் அவரது கவனக்குறைவே காரணம். அவள் வேலை செய்கிற பத்திரிகையே அதை நான்கு வரியில் போட்டது.

சில வாரம் கழித்து நெட்டையின் அம்மா பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. புடவையில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டுக்கொண்டே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவரைக் கட்டைவிரலிடம் அனுப்பிவைத்தார். அவள் யாருடைய அக்கா என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

“அவன் முகம் தெரியற மாதிரி ஒரு படம் வேணும்மா,” என்றார். “வீட்ல இருக்கறது எல்லாம் சின்னப் பையனா இருந்தப்ப எடுத்தது. வளந்தப்புறம் எந்நேரமும் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுந்தான். நீங்க நெறைய எடுத்திருக்கீங்கன்னு சொன்னாங்க.”

“தேடிப் பாக்கறேம்மா.”

“அவனால கால் ஒடஞ்ச பையன் எங்க தெருதான். அவங்க வீட்ல எங்கிட்டப் பேசறதில்ல. அவங்க மேல தப்பு இல்ல. ஆனா இவன் சைக்கிள்ல விழுந்து நான் பாத்ததே இல்லம்மா. நடக்கும்போது இடறுவான், சைக்கிள்ல இடறமாட்டான்.” மடியில் கிடந்த இன்னொரு நூலை எடுத்துப் போட்டார். “சரி, அத விடுங்க. முகம் தெரிஞ்சா போதும்.”

அவள் தேடினாள். பெட்டியையே கவிழ்த்துத் தேடினாள். தம்பி, தம்பி, தம்பி. அவனுக்குப் பின்னால் ஒரு கலங்கல். எத்தனை வருடம் ஒருவன் அவள் கண்ணெதிரே ஓட்டியிருக்கிறான், ஒருதடவைகூட அவன்மேல் விரலை வைக்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. தெளிவாக இருந்தது அந்த ஒரு படம்தான். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் தம்பி தப்பித்தான், கதை முடிந்தது. ஆனால் அந்த அம்மா படியிறங்கிப்போன விதம் அவளைத் தூங்கவிடவில்லை.

கடைசியில் பாதி திருடன் பாதி புண்ணியவான் செய்கிற காரியத்தைச் செய்தாள். படத்தை வெட்டினாள். சைக்கிள் போனது, வெள்ளைக்கோடு போனது, தம்பி போனான். நெட்டையின் முகமும் தோளும் மிஞ்சின. இடதுபக்க ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் நின்றது. அதையும் வெட்டினால் அவன் கன்னம் போய்விடும். இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நல்ல தாளில் அச்செடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். தகரக்கூரை போட்ட நீளமான கூடத்தில் பெண்கள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இயந்திரங்கள் நிற்காமல் இரைந்தன. நெட்டையின் அம்மா டப்பாவை மூடிவைத்துவிட்டு, கைகழுவி, புடவைத்தலைப்பால் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் படத்தை வாங்கினார்.

வெகுநேரம் பார்த்தார். சட்டையில் பழுது தேடுகிற கண் அது. மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாகப் போனது.

“மீச வெச்சிருக்கான்,” என்றார். “எங்கிட்ட மழிச்சிட்டேன்னு சொன்னான், திருட்டுப்பய.”

அவர் சிரித்ததும் அவளுக்கும் மூச்சு வந்தது. கொடுத்தாயிற்று, கிளம்பிவிடலாம் என்று கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“இது எப்ப எடுத்ததும்மா?”

பொய் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. “அன்னைக்குத்தான்.”

அந்த அம்மா தலையாட்டினார். கட்டைவிரலை அந்த ஆரஞ்சுத் தீற்றலின்மேல் வைத்து மெதுவாகத் தடவினார், கறையா நிறமா என்று பார்க்கிற மாதிரி.

“இது கை மாதிரில்ல இருக்கு. தோள்ல கைய வெச்சிருக்காங்க.” படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். “அவன் சாயறப்ப யாரோ புடிக்கப் பாத்திருக்காங்க. ஒருத்தரும் இத எங்கிட்டச் சொல்லலியே. தனியா விழுந்தான், தனியா விழுந்தான்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “யாரும்மா அந்தப் புள்ள? நீ அங்கதான இருந்த, உனக்குத் தெரியும்ல? பேரு சொல்லு. வீட்டுக்கு வந்து நாலு வார்த்த சொல்லிட்டு வரேன். அவன பெத்தவங்க நல்லா இருக்கணும்.”

பெற்றவர்கள் இல்லை, நான்தான் வளர்த்தேன் என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்து நின்றது. ஒரு பெயர் சொன்னால் போதும். இந்த அம்மா நேரே வீட்டுக்கு வந்து தம்பியின் கையைப் பிடித்து, அந்தக் கையைத்தான் பிடித்து, நன்றி சொல்லுவார். அவனும் தலைகுனிந்து வாங்கிக்கொள்வான். அவள் சமையலறையிலிருந்து இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். நடக்கக்கூடியதுதான். யாரும் தடுக்கப்போவதில்லை.

“அம்மா,” என்றாள். “அந்தக் கை புடிக்க வரல.”

அந்த அம்மாவுக்கு உடனே புரியவில்லை. அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தபோது புரிந்திருந்தது. தீற்றலின்மேல் இருந்த கட்டைவிரலை மெதுவாகத் தூக்கிக்கொண்டார்.

“யாரோடது?”

“என் தம்பியோடது.”

சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். ஒருத்தி போகிறபோக்கில் “வரலியாக்கா?” என்று கேட்டாள். அந்த அம்மா திரும்பவில்லை. கத்துவார், அறைவார் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் படத்தின் இடதுபக்க விளிம்பில் நகத்தால் மேலிருந்து கீழாகக் கோடிழுத்துப் பார்த்தார்.

“இங்க வெட்டியிருக்கு,” என்றார். “வெட்டாதது இருக்கா?”

“இருக்கு. கேமராவுலயே இருக்கு.”

“எடு.”

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள்.