லாரி வராத காலைகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியலாளராக இருந்த அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தான்: தினமும் காலையில் கசடு ஏற்றிப்போக வரும் லாரி டிரைவர். கணவர் இறந்து, மகனும் வேலைக்கு வெளியூர் போனபிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

"என்ன டீச்சர், உங்க புள்ளைங்க இன்னைக்கு எவ்வளவு மிச்சம் வச்சிருக்காங்க?" என்பார் டிரைவர், வண்டியைப் பின்னால் எடுத்தபடியே. புள்ளைங்க என்றால் தொட்டியில் அழுக்கைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள். அவை பெருகிப் பெருகிச் சேர்வதுதான் கசடு. எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்கிறாள் என்று டீச்சர் பட்டம் கொடுத்தவரும் அவர்தான். வண்டி நிரம்பும்வரை மாமியாரின் குறட்டை, மகளின் பரீட்சை என்று ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் சுத்திகரித்த நீர் கலங்கலாகவே வெளியேறியது. அவள் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்தாள். ஒரு பக்கம், நுண்ணுயிர்கள் சுவாசிக்க அடியிலிருந்து செலுத்தும் காற்று பொடிக் குமிழிகளாக வராமல் கொப்பளித்து எழுந்தது. அடியில் காற்றுக் குழாய்களின் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தன. மேலாளரோடு மல்லுக்கட்டி எல்லாவற்றையும் மாற்றவைத்தாள். பிறகு, கசடை உடனுக்குடன் வெளியே தள்ளாமல் தொட்டியிலேயே கூடுதல் நாட்கள் சுழலவிட்டாள். காற்று தாராளமாகக் கிடைக்க, பசித்த உயிர்கள் செத்தவற்றையும் தின்று தீர்த்தன. கண்ணாடி உருளையில் தொட்டி நீரைக் கொஞ்சம் எடுத்து வைத்து, கசடு ஒழுங்காக அடியில் படிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நாட்களை நீட்டினாள்.

தண்ணீர் தெளிந்தது. கசடும் பாதிக்குமேல் குறைந்தது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கைகொடுத்துப் பாராட்டினார்.

லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு வாரம் இருமுறை. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே டீச்சர்!" என்று சிரித்தார் டிரைவர். அடுத்த முறை வந்தவர் வேறு ஆள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. பழையவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஒரு காலையில், கசடை வெளியேற்றும் வால்வின்மேல் கைவைத்தபடி நின்றாள். கொஞ்சம் திறந்துவிட்டால் போதும். தினமும் வண்டி தேவைப்படும். பழைய ஆளையே அனுப்பினாலும் அனுப்புவார்கள். என்ன புத்தி இது என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கையை எடுத்தாள். அறைக்கு வந்து அவருக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க டீச்சர். கசடு ஏறிடுச்சா?"

"இல்லண்ணே. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் என்ன, வண்டி வரலையா?"

"வந்துச்சு. சும்மாதான்ணே. பேசணும்போல இருந்துச்சு."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். பிறகு எஞ்சின் அணைந்தது.

"வண்டிய ஓரங்கட்டிட்டேன். பேசுங்க."

"பையன் இந்த லீவுக்கும் வரலையாம்" என்றாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அது. சொன்னதும் அழுதுவிட்டாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் லைனிலேயே இருந்தார்.

அதன்பிறகு, சாப்பிட வண்டியை நிறுத்தும்போது எப்போதாவது அழைப்பார். மற்ற நாட்களில் அவள் தெளிந்த நீர் ஓடும் கால்வாய் ஓரமாகத் தனியாகவே நடந்தாள்.